சொர்ணம்மாவின் பெரட்டு மணி

விடிந்தும் விடியாத நேரத்தில் டணார் டணார் என்று இரும்பு அலறினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த தெலுங்குக்காரி பைடம்மா, தினமும் போர்வைக்குள் இருந்தபடியே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவாள். சொர்ணம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆளா? பலாமரத்தில் தொங்கவிட்ட இரும்புத் துண்டை இன்னும் நாலு அடி சேர்த்து அடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஜெயலட்சுமியும் தமிழரசியும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவருவார்கள்.

“என்னா, பெரட்டுக்கு இப்பதான் வாரீங்களா? தோட்டமா இருந்தா கங்காணி அரப் பேரு போட்டு அரநாள் சம்பளத்த வெட்டிருப்பான்!”

“தோட்டமா இருந்தா சம்பளம் குடுப்பாங்கக்கா. நீ என்னத்தக் குடுப்ப?” என்பாள் தமிழரசி. மூவரில் இளையவள், வாய் மட்டும் மூத்தது.

“சோறு குடுப்பேன்டி. நம்ம மண்ணுல வெளைஞ்ச சோறு. நட, மம்பட்டிய எடு!”

தோட்டக்காட்டில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் மணி அடித்ததும் ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும், கங்காணி வேலை பிரித்து அனுப்புவார். சொர்ணம்மா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் என்று சொல்லிக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தியா வந்தாலாவது ஒரு இடத்தில் உட்கார விட்டார்களா? முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்து, மறுபடியும் கப்பலேற்றி, அந்தமானுக்குத் தெற்கே கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். கொழுந்து பறித்த குடும்பம் பால் வெட்டப் போனது. மலை மாறியது, மரம் மாறியது, காலை மணி மட்டும் மாறவில்லை. அந்த மணியிலேயே வளர்ந்து, வேலைக்குப் போய், அழகையாவைக் கட்டிக்கொண்டு, மகள் உதயாவைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தும் விட்டாள்.

கச்சாலில் வாய்க்குள் போகிற எல்லாமே கப்பலில் வருவதுதான். கப்பல் வந்தால் குழம்பு, வராவிட்டால் தேங்காய்த் துவையல். இந்த லட்சணத்தில்தான் முப்பது வருடம் ஓடியது. அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில், “கப்பல் தெரியுதான்னு பாத்துட்டு வாரேன்க்கா, வந்திருந்தா வெங்காயம் வாங்கியாறேன்” என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி நீலாவதி கூடையோடு கரைக்குப் போனாள். பூமி ஆடியது. கடல் ஏறி வந்தது. நீலாவதியும் இல்லை, கூடையும் இல்லை. கேவலம் வெங்காயத்துக்காகப் போய்ச் சேர்ந்தாளே பாவி என்று சொர்ணம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது ஓய்ந்தபோது அவளுக்குள் இரண்டு வைராக்கியம் பிறந்திருந்தது. இனிமேல் கப்பலை நம்பி உலை வைப்பதில்லை. இனிமேல் கடல் பக்கம் முகத்தைத் திருப்புவதும் இல்லை. இரண்டாவது வைராக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சொர்ணம்மாவோடு கச்சாலை விட்டு வந்த சில குடும்பங்கள் தெற்கு அந்தமானில், கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் வருகிற ஒரு ஓடைக்கரையில் குடிசை போட்டன. அந்தக் கரையில் ஒரு வயல் கிடந்தது. வயல் என்று சொன்னால் வயலுக்கே வெட்கமாக இருக்கும். பூகம்பத்தில் தரை கீழே இறங்கிவிட்டதால், கடல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி அதற்குள் போய்ப் போய் வந்து, வெயிலில் உப்புப் பூத்துக் கிடந்தது. ஆடுகூட மேய வராது. நிலத்துக்காரர் மண்டல் பாபு, பழைய வங்காளிக் குடியேறி. இறால் குட்டை போடுகிற ஆள் ஒருவன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். சொர்ணம்மா அவனுக்கு முந்திக்கொண்டு பாபுவின் வாசலில் போய் நின்றாள்.

“பாபு, ஏக் பாரிஷ் தோ. ஒரே ஒரு மழைக்காலம் குடுங்க. நான் வெளைய வெச்சுக் காட்டுறேன்.”

மண்டல் பாபு சிரித்தார். கடல் ஏறிய மறு வருடம் அவரும் அங்கே கீரை போட்டுப் பார்த்தவர்தான். உப்பே போடாமல் சமைத்தும் வாயில் வைக்க முடியவில்லையாம், அப்படிக் கரித்ததாம். ஆனாலும் இவள் நின்ற நிற்பைப் பார்த்து அவருக்கு மனம் இளகியது. “டீக் ஹை. துர்கா பூஜைக்கு வருவேன். இந்த மண்ணுல வெளைஞ்சத உப்புப் போடாம ஆக்கிக் குடு. நாக்குல உப்புத் தட்டலேன்னா நீயே பயிர் பண்ணு. தட்டிச்சுன்னா இறால்காரனுக்கு” என்று தன் இந்தித் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

அழகையாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டு, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். கராச்சர்மாவில் ஒரு அறை பார்த்து, சாவியையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தார். “வாசல்ல பஸ்ஸு, முத்தத்துல குழாத்தண்ணி. உப்பு மண்ணக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறியே புள்ள!” என்பார்.

“இருங்களேன். பூஜைக்கு அப்புறம் நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது.”

விவசாய இலாகாக்காரர் ஒருவர் வந்து வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வரப்பை உயர்த்திக் கட்டி மழைத்தண்ணீரை வயலில் தேக்க வேண்டும், உப்பு அதில் கரைந்ததும் ஓடையில் வடித்துவிட வேண்டும், மறுபடி தேக்கி மறுபடி வடிக்க வேண்டும். அவ்வளவுதானே! மூன்று பெண்களும் பாய்ந்து விழுந்து வேலை செய்தார்கள். சாக்கில் களிமண் நிரப்பி வரப்பை அடைத்தார்கள். ஓடைப் பக்கம் ஒரு மடை வைத்து, அதற்குப் பலகைக் கதவு போட்டார்கள். வீட்டோரம் மேட்டு மண்ணில் நாற்றுப் பாவினார்கள். மழையும் வந்தது, அடேயப்பா, வானத்துக்கு என்ன கோபமோ என்று கேட்கிற மாதிரி வந்தது.

முதல் நாள் மணியடித்து, பெரட்டுப் பார்த்து, தமிழரசி மடைப்பலகையைத் தூக்கினாள். வயல் தண்ணீர் ஓடைக்குள் குபுகுபுவென்று பாய்ந்தது! சொர்ணம்மா சேறென்றும் பார்க்காமல் குதித்தாள். ஜெயலட்சுமி குலவையே போட்டுவிட்டாள். மறுநாளும் அதே மணி, அதே பெரட்டு, அதே மடை. இந்த மூன்று பேருக்கும் காலைமணிதான் வேலைநேரம், மணி தவறாமல் செய்தால் வேலை தப்பாது. அப்படித்தானே இரண்டு தீவிலும் பழக்கியிருந்தார்கள்? நாலைந்து நாள் வடித்ததுமே சொர்ணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்றில் பாதியைப் பிடுங்கி நட்டுவிட்டாள். அவசரக்காரி என்றால் அப்படியொரு அவசரக்காரி.

ஒன்றைக் கவனியுங்கள். மடை திறக்கும்போது சொர்ணம்மா வயலுக்குள் நிற்பாள், ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஓடையைப் பார்த்தால் அதன் முடிவில் கடல் தெரியும். ஜெயலட்சுமியும் தமிழரசியும் பார்த்தார்கள்தான். ஓடைத் தண்ணீர் தினம் கொஞ்சம் கூடக் கிடக்கிறதே என்று நினைத்தார்கள், மழைத்தண்ணீர்தான் என்று விட்டுவிட்டார்கள். கச்சாலில் அவர்கள் இருந்தது தீவின் உள்ளே, மேட்டு லயத்தில். கடல் என்பது கப்பல் வருகிற இடம், அவ்வளவுதான்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அன்றைக்கும் மணியடித்துத் தமிழரசி பலகையைத் தூக்கினாள். தண்ணீர் வெளியே போகவில்லை. ஓடைதான் உள்ளே வந்தது!

“அக்கா! அக்கா! உள்ள வருதுக்கா!”

மூன்று பேரும் பலகையின் மேல் ஏறி மிதித்தார்கள், சேறு அள்ளிப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நட்ட நாற்றெல்லாம் முங்கியது. சொர்ணம்மா கைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். அசல் கடல். அடுத்த சில நாளில் நாற்று மஞ்சளாகி, அப்புறம் வைக்கோல் நிறத்தில் சாய்ந்தது. தங்கச்சியைக் கொண்டுபோனது பத்தாதா, என் சோற்றையும் கேட்டு வருகிறாயா என்று சொர்ணம்மா வரப்பில் உட்கார்ந்து, அப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, ஏசி ஏசி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஓடைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. நண்டுக்கூடையும் இடுப்புவரை சேறுமாகப் பைடம்மா நின்றாள்.

“அரே பாகல்! பானி தும்ஹாரா கண்டி சுன்தா ஹை க்யா? தண்ணி உன் மணியக் கேக்குமா?”

சொர்ணம்மாவுக்குச் சுருக்கென்றது. “என்னாடி சொல்ற?”

பைடம்மா வரப்பில் ஏறி உட்கார்ந்து, பாதி இந்தியிலும் மீதி கையாலும் விளக்கினாள். கடல்தண்ணீர் தினம் ஏறும், தினம் இறங்கும். ஆனால் ஒரே நேரத்தில் இல்லை, ஒவ்வொரு நாளும் ஒரு சோறு வடிக்கிற நேரம் பிந்தும். முதல் நாள் உன் மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது, உன் அதிர்ஷ்டம். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் ஏறி நிற்கிறது. அவள் பேசிக்கொண்டே போய் சட்டென்று நிறுத்தினாள்.

“மைன் ரோஜ் தேக்தா. தினமும் பாக்குறேன். தூ உதர் தேக்தா ஹீ நஹீ. நீ அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேங்குற. ஏன்?”

சொர்ணம்மா நீலாவதியைப் பற்றிச் சொன்னாள். பைடம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டிலிருந்தும் ஒரு தோணி போய்த் திரும்பவில்லை. ஆனால் மறு வாரமே அவள் ஓடையில் இறங்கியாக வேண்டியிருந்தது, அடுப்பு எரிய வேண்டுமே. கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், “திட்டணும்னா மூஞ்சியப் பாத்துத் திட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பைடம்மா காட்டிய அடையாளமெல்லாம் ஜெயலட்சுமியும் தமிழரசியும் பார்த்துப் பழகினார்கள். அலையாத்தி வேர் முழுக்கத் தெரிந்தால் தண்ணீர் இறங்கி முடிந்தது. வேரோரம் நுரை கட்டி நகர்ந்தால் திரும்ப ஏறப்போகிறது. சொர்ணம்மா மட்டும் இன்னும் ஓடையைப் பார்க்கவில்லை. மழை ஓயாமல் கொட்டி வயலைத் தளும்பத் தளும்ப நிரப்பியது. பைடம்மா ஓடிவந்து சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும், அன்றைக்கு வடித்தால் வயலில் உள்ள உப்பெல்லாம் ஒரே வழியாகப் போய்விடும், அதை விட்டால் அடுத்து எப்போது இப்படி மழையும் தண்ணீர் இறக்கமும் சேர்ந்து வருமோ தெரியாது.

சனிக்கிழமை வீட்டுக்கு வராத அழகையா அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஜீப்போடு வந்து நின்றார்! நாற்று செத்த கதை அவர் காதுக்குப் போயிருந்தது. “போதும் புள்ள. பூஜை வரைக்கும் என்னாத்துக்கு? கட்டு மூட்டைய” என்று, அவள் பதிலுக்குக் காத்திராமல் பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் தானே பெரிய மூட்டைகளாகக் கட்டிவிட்டார். துறைமுகத்துக் கட்டு, லேசில் அவிழாது.

சொர்ணம்மா ஜீப்பைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். “ஒரு மடை நேரம் குடுங்க. இது ஒன்னு மட்டும். அதுவும் தோத்துச்சுன்னா நானே மூட்டைய ஜீப்புல ஏத்துறேன்” என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பலாமரத்தடிக்கு ஓடி மணியை அடித்தாள். உச்சி வெயிலில் பெரட்டு மணி! ஊரே எட்டிப் பார்த்தது.

மடையடியில் போய் நின்றாள். தமிழரசி பலகையில் கை வைக்கப் போனாள். “நீ விடுடி, நான் பாத்துத் தொறக்குறேன்” என்று சொல்லிவிட்டுச் சொர்ணம்மா திரும்பினாள். கடலுக்கு நேராகத் திரும்பினாள். ஓடை வற்றிச் சேறாகக் கிடந்தது, அலையாத்தி வேர்கள் முழுக்கத் தெரிந்தன, தூரத்தில் கடல் எட்டப்போய்ச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. “எல்லாத்தையும் கொண்டு போனியே, இந்தா, ஒன் உப்பையும் எடுத்துக்கிட்டுப் போ!” என்று கத்திக்கொண்டே பலகையைத் தூக்கினாள்.

பாருங்கள், அப்படியொரு பாய்ச்சல்! மடை இடிந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. வரப்பிலிருந்த ஜனமெல்லாம் கூச்சல் போட்டது. ஜீப்காரன்கூட ஹாரன் அடித்தான். தண்ணீர் இறங்க இறங்கச் சொர்ணம்மா குனிந்து குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. கொஞ்சம் கரித்தது. அப்புறம் லேசாகக் கரித்தது. ஓடையை விட்டுக் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் வேரோரம் நுரை கட்டுவதை அவளே முதலில் கண்டாள்.

“ஏறுது! பலகையப் போடுங்கடி!”

பலகை இறங்கவில்லை. மழையில் ஊறிப் பருத்துச் சட்டத்தில் இறுகிக்கொண்டது. மூன்று பேரும் தொங்கிப் பார்த்தார்கள், பைடம்மாவும் வந்து தொங்கினாள், அசையவில்லை. ஓடையில் தண்ணீர் மடையின் வாயை நக்க ஆரம்பித்தது. “ஐயோ, போச்சே!” என்று சொர்ணம்மா மடைக்குள்ளேயே குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி புள்ள! தள்ளு!”

திரும்பிப் பார்த்தால் அழகையா! தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை. கராச்சர்மாவுக்குக் கட்டிய பாய், தலையணை, துணிமணி எல்லாம் மடை வாயில் வந்து விழுந்தன. மேலே மிதித்து, களிமண் சாக்கை வைத்து, அதற்கும் மேலே தானே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். கழுத்துவரை ஓடை ஏறியது, வயலுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. ஜீப்காரன் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

“என் கல்யாணச் சேலையும் அந்த மூட்டைலதான் இருக்கு” என்றாள் சொர்ணம்மா, சிரிப்பும் அழுகையுமாக.

“உன்னாலதான் எனக்கு இந்தக் கதி. பேசாம இன்னொரு சாக்கு கொண்டா!”

அதற்கப்புறம் அந்த வயலில் காலைமணி அடிக்கவில்லை. தண்ணீர் இறங்குகிறபோது அடித்தது. ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரம், ஒரு நாள் உச்சிவெயில், ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். அடிக்கும் முன்னால் சொர்ணம்மா கடலை ஒரு தரம் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொள்வாள். பைடம்மா இப்போது திட்டுவதில்லை, மணி பிந்தினால்தான் திட்டுவாள். மீந்திருந்த பாதி நாற்றை மேட்டுப் பக்கம் நட்டார்கள். ஓடையோரப் பள்ளத்தில் பைடம்மா கொண்டுவந்த நாலி பாஜி என்கிற தண்ணீர்க்கீரைத் தண்டுகளை ஊன்றினார்கள். அந்தக் கீரை தண்ணீரைக் கண்டால் விடுமா? பாத்தியே தெரியாமல் படர்ந்துவிட்டது. பூஜை நெருங்கும் சமயத்தில் புயல் சின்னத்தால் சென்னைக் கப்பல் பிந்தி, கராச்சர்மாக் கடைகளில் காய்கறித் தட்டு காலியாகக் கிடந்ததென்று அழகையா சொன்னார். “நம்ம வீட்டு உலைக்குக் கப்பல் வேணாம்” என்றாள் சொர்ணம்மா.

பூஜை வந்தது. மண்டல் பாபு சலவை வேட்டியில் வந்தார். அவருக்குப் பின்னால் இறால்காரனும் வந்தான். பச்சையைப் பார்த்ததும் பாபுவின் புருவம் ஏறியது. பேச்சு பேச்சுதான், நாக்குதான் சாட்சி. அவருக்கெதிரே இலை போட்டாள் சொர்ணம்மா. நெல் இன்னும் கதிர்தான், அதனால் சோறு ரேஷன் அரிசி. தொட்டுக்கொள்ள நாலி பாஜி வதக்கல். பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டிருந்தாள். உப்பில் ஒரு கல்கூட இல்லை. உப்புக் கை பட்டதென்ற பேச்சே வரக் கூடாதென்று உப்பு ஜாடியையே கவிழ்த்துக் காலி செய்து வாசலில் வைத்திருந்தாள்.

பாபு ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். இன்னொரு வாய். தமிழரசி ஜெயலட்சுமியின் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். இறால்காரன் கழுத்தை நீட்டினான். மண்டல் பாபு முகத்தைச் சுளித்தார்.

“ச்சே! நமக் ஏக்தம் நஹீ ஹை. உப்புச் சப்பே இல்ல, இத மனுஷன் தின்பானா?”

ஜெயலட்சுமி போட்ட குலவை ஓடையைத் தாண்டிக் கேட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் பாபுவும் வாய்ச்சோறு புரையேறச் சிரித்தார். இறால்காரன் செருப்பைத் தேடினான்.

அழகையா சட்டைப்பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். “நாளைக்கு ஹேடோ போறப்ப கராச்சர்மாவுல எறங்கி, இதக் குடுத்துட்டுப் போறேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

சொர்ணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி ஜாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“அப்புடியே வாரப்ப உப்பு வாங்கிட்டு வாங்க. வீட்டுல ஒரு கல்லுகூட இல்ல.”